பிங் போகுது, பில் வரல!

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு சர்வர் புதுச்சேரி நெல்லித்தோப்பு ஆபீசில் இருக்கிறது. இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் ஐபிசெக்குடன் (டேட்டாவைப் பூட்டி அனுப்பும் முறை) ஜிஆர்இ டனல் (இணையத்துக்குள் ஒரு தனி வழி) போட்டுக் கொடுத்தார்கள். டனல் 'அப்' என்று காட்டுகிறது, பிங்கும் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. சாஃப்ட்வேரில் லாகின் ஆகிறது. மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லைனை மாற்றிவிடலாமா சார்?
- முதுநகர் வாசகர்

பதில்: லைனைத் தொடாதீர்கள். டேட்டா போகும் பாக்கெட்டும் மீன் பெட்டி மாதிரிதான். பெட்டி அளவு மாறாது. ஐஸ் கூடினால் மீன் குறையும். இது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஈதர்நெட் பெட்டி 1500 பைட். ஜிஆர்இ போடும் ஐஸ், அதாவது கூடுதல் தலைப்பு, 24 பைட், மிச்சம் 1476. ஐபிசெக் அதற்குமேலும் கொட்டும். ஃபைபர் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் முறை) என்றால் முதலிலேயே 8 பைட் காலி. விண்டோஸ் பிங் சுமப்பதோ வெறும் 32 பைட், நெத்திலி. அது போனதை வைத்து வஞ்சிரமும் போகும் என்று நம்பிவிட்டீர்கள்.

பெரிய பாக்கெட் நுழையாவிட்டால், 'சின்னதாக அனுப்பு' என்று ரவுட்டர் ஐசிஎம்பி (பிங்கும் இதில் ஒரு வகைச் சேதிதான்) மூலம் திருப்பிச் சொல்லும். பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்துவிட்டால் சர்வருக்கு அந்தச் சேதி போகாது. அதே அளவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். (நானும் அப்படி அடைத்தவன்தான். மிஷன் தெருக் கடை ஒன்றில் இரண்டு ராத்திரி கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் என் கைவேலை என்று கண்டுபிடித்தேன்.)

முதுநகர் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு, பிங்குடன் மைனஸ் எஃப் (துண்டாக்காதே), மைனஸ் எல் 1372 (அளவு) கொடுத்துப் பாருங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1400. போகாவிட்டால் போகிற வரை குறையுங்கள். 1372-லேயே போனால், இரண்டு ரவுட்டரிலும் டனல் இன்டர்ஃபேசில் ஐபி எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1400, டிசிபி எம்எஸ்எஸ் (அதற்குள் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1360 என்று வையுங்கள்; குறைத்திருந்தால் இந்த இரண்டையும் அதே அளவு குறையுங்கள். குறைகிற 40, ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு. எம்எஸ்எஸ் வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட் நிற்பது அங்கேதான்.

கேள்வி: எங்கள் கிளையில் 4ஜி சிம் ரவுட்டர். ஜிஆர்இ எழவே மாட்டேன் என்கிறது!
- திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: சிம்முக்குப் பெரும்பாலும் தனிப் பொது ஐபி கிடைக்காதும்மா; நிறையப் பேரோடு ஒரே நாட்டுக்குப் பின்னால் இருப்பீர்கள். (தேசம் இல்லை, என்ஏடி; பல பேருக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிடும் ஏற்பாடு!) ஜிஆர்இ-க்குப் போர்ட் எண்ணே கிடையாது, அதனால் யாருடைய பாக்கெட் என்று தெரியாமல் என்ஏடி கைவிட்டுவிடும். தலைமை ஆபீசில் நிலையான ஐபி வாங்கி, ஐபிசெக்கைக் கிளையிலிருந்து தொடங்க வையுங்கள். யூடிபி 4500-இல் போய்ச் சேரும். ஜிஆர்இ அதற்குள் ஓடட்டும், இரு முனைக்கும் லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) முகவரி கொடுங்கள்.