கரட்டுப் பாதைக்கு எல்.எஸ்.டி.யா, லாக்கரா?

காட்டுப் பாதையில் ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போதுமா, லாக்கர் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் கருவி) வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையையே தருவதால், ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியதும், தரையில் பிடிப்புள்ள மறு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காமல் வண்டி நின்றுவிடுகிறது. பற்சக்கர வகை எல்.எஸ்.டி., பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் பெருக்கியே மறுபக்கம் தருகிறது. பூஜ்யத்தைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான் என்பதால், அந்தரத்தில் தொங்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைக்க, அந்நேரத்தில் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டியிருக்கும். மழைச்சாலைக்கும் லேசான சேற்றுக்கும் எல்.எஸ்.டி. தாராளமாகப் போதும்.

பாறைகளில் ஏறுவதானால் லாக்கரே சரி. மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் உள்ள ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர், இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டியதும் தானே பூட்டிக்கொள்கிறது. அதாவது, சக்கரம் சற்று வீணாகச் சுழன்ற பிறகுதான் பிடிக்கும். ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியிலோ முன், பின் அச்சுகள் இரண்டையும் ஓட்டுநரே வேண்டும்போது பூட்டலாம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் பின்னச்சில் போடுங்கள்: ஏற்றத்தில் எடை அங்கேதான் சாய்கிறது, முன்னச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் பூட்டை விடுவித்துவிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு வளைவிலும் டயரும் ஆக்சிலும் வதைபடும்.