மூன்று வருடம் தாமதமாக வந்த அலை

அன்புள்ள ஐயா,

இரவில் மத்திய அலை வெகுதூரம் போவதைப் பற்றி உங்கள் வானொலிக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள்.

போன ஜூன் மாதம் ஒருநாள் முற்பகலில் காரில் பண்பலை கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான நிலையத்தை அமுக்கிக்கொண்டு வேற்றுமொழிப் பாட்டு ஒன்று வந்தது. பக்கத்து நிலையம்போல அவ்வளவு தெளிவு. நடுவில் இரண்டு மூன்று முறை பழைய நிலையம் தலைகாட்டியது. கால் மணி நேரத்தில் அந்தப் பாட்டு சுவடில்லாமல் போய்விட்டது. அந்த மொழி பேசும் நாடு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்கிறது. பண்பலை நூறு கிலோமீட்டர் தாண்டுவதே அபூர்வம் என்றுதானே படித்திருக்கிறோம்?

அடுத்தது, அமெரிக்காவில் 1950-இல் இல்லாமல் போன கேஎல்இஇ தொலைக்காட்சியின் அடையாள அட்டை 1953-இல் இங்கிலாந்தில் ஒரு திரையில் தோன்றியதாக ஒரு காணொளியில் பார்த்தேன். அலைகள் எங்காவது சுற்றிவிட்டு வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வருமா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது கட்டுக்கதை. மோசடி என்று பிற்பாடு அம்பலமான விஷயம். இருந்தும் காணொளிக்காரர்கள் விடுவதாக இல்லை. ஹூஸ்டன் நகரத்து அந்த நிலையம் மூடப்படவுமில்லை, 1950-இல் கேபிஆர்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டாலே கதை விழுந்துவிடும். ரேடியோ அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. மூன்று வருடம் கழித்து அது திரும்பி வரவேண்டுமானால் ஒன்றரை ஒளியாண்டுத் தொலைவில் ஏதோ ஒன்று அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அங்கே வெட்டவெளிதான். 1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் நிலவை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைப் பிடித்தார்கள். இரண்டரை நொடியில் திரும்பி வந்தது. அதுவும் பெரிய ஆன்டெனா வைத்துத் தேடிப் பிடிக்கவேண்டிய அளவுக்கு மெலிந்து. இன்னொன்றும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் படம் 405 வரி, அமெரிக்கப் படம் 525 வரி. வெள்ளையையும் கறுப்பையும் அனுப்பும் முறைகூட இரண்டு நாட்டிலும் நேர்மாறு. அமெரிக்க அலை உண்மையாகவே வந்திருந்தாலும் சாதாரண ஆங்கிலேயத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒழுங்கான அட்டையாகத் தெரிந்திருக்காது.

பொய்க்கதை பிரபலமாகி, அதைவிடச் சுவையான உண்மைச் சம்பவம் மறந்துபோனதுதான் எனக்கு வருத்தம். 1938 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய படம் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்துப் பொறியாளர்களின் திரையில் தெரிந்தது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அந்தப் படம் வந்த 45 மெகாஹெர்ட்ஸ் அலை வழக்கமாக, வானில் உயரே மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சூரியப் புள்ளிகள் 1937 வாக்கில் உச்சம் தொட்டிருந்தன. அதனால் அந்த மண்டலத்தில் 200 கிலோமீட்டருக்கு மேலே உள்ள எஃப்2 அடுக்கு அந்த அலையையும் வளைத்துக் கீழே அனுப்பும் அளவுக்கு அடர்ந்திருந்தது. திரையில் கலங்கலாக ஓடியதைப் பொறியாளர்கள் ஃபிலிமில் பிடித்துவைத்தார்கள். சில நிமிடங்கள், ஒலி கிடையாது. அந்நாளில் நேரடி ஒளிபரப்பைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கமில்லை. ஆகவே போருக்கு முந்தைய பிபிசி நேரடி ஒளிபரப்பு எப்படி இருந்தது என்று பார்க்க இன்று நமக்கு மிஞ்சியிருப்பது கடலுக்கு அந்தப் பக்கம் எடுத்த அந்தத் துண்டுதான்.

இனி உங்கள் பண்பலை. நீங்கள் கேட்டது பெரும்பாலும் ‘ஸ்போராடிக் இ’ வழியாக வந்தது. தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்சென்ற உலோக அயனிகள் இருக்கின்றன. அங்கே உயரத்துக்கு உயரம் காற்று வெவ்வேறு திசையில் வீசும்போது அவை ஒதுக்கப்பட்டு மெல்லிய, அடர்ந்த திட்டுகளாகச் சேர்கின்றன. இந்தத் திட்டுகளுக்குத்தான் அந்தப் பெயர். கோடையில்தான் அதிகம். இன்ன நாள், இன்ன நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திட்டு அடர அடர அது திருப்பி அனுப்பும் அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும். அதனால் பண்பலையில் முதலில் 88 பக்கம் உள்ள நிலையங்கள் வரும், பிறகு மேலே 100, 105 என்று நகரும். கலையும்போது மேலிருந்து கீழாக மறையும். அந்த உயரத்திலிருந்து ஒரே தாவலில் எட்டக்கூடிய எல்லை இரண்டாயிரம் கிலோமீட்டரை ஒட்டித்தான். உங்கள் ஆயிரத்தைந்நூறு அதற்குள் சரியாக அடங்குகிறது.

பக்கத்து நிலையம்போல் தெளிவாக இருந்ததற்குக் காரணம் உங்கள் ரேடியோ. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு பண்பலை அலைகள் வந்தால் பெட்டி வலுவானதை எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். மத்திய அலையில்போல இரண்டும் கலந்து கேட்காது. வலு மாறும்போது நிலையமும் மாறும். பழையது தலைகாட்டியது அதனால்தான்.

சந்தேகத்துக்கு இடம் தரும் இன்னொரு வழியும் இருக்கிறது. தரையோரக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோலப் படிந்தால், அலை இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு பூமியின் வளைவோடு போகும். கடல்மேல் இது வெகுதூரம் நீளும். ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இப்படிப் பேசியிருக்கிறார்கள். இது நிதானமாக, மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் நிற்கும். கால் மணியில் ஓடிவிடாது. பண்பலையைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் யுஎச்எஃப் தொலைக்காட்சியும் இவ்வழியே வரும், ஸ்போராடிக் இ அந்த அதிர்வெண்ணுக்கு ஏறாது. டிஜிட்டல் வந்தபின் தூரத்துப் படம் பிடிப்பதில் பழைய ருசி இல்லை என்பது என் கட்சி. முன்பு புள்ளிமழைக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல மேலெழும். இப்போது முழுப் படம், இல்லையென்றால் கறுப்புத் திரை.

மறுபடி வந்தால் காரின் ஆர்டிஎஸ் திரையைக் கவனியுங்கள். அலை கொஞ்சம் நிலைத்தாலே நிலையத்தின் பெயரை எட்டு எழுத்துக்குள் காட்டிவிடும். அதிர்வெண், உலக நேரம், கேட்ட பாட்டு அல்லது விளம்பரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அந்த நிலையத்துக்கே எழுதுங்கள். சில நிலையங்கள் இன்றும் கியூஎஸ்எல் என்ற ஒப்புகை அட்டை அனுப்பி உறுதிசெய்கின்றன. பாதி பேர் பதிலே போடமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.