ஆசியாவில் பல இடங்களில் பருவமழை பெய்யும்போது ராமநாதபுரம் கரை ஏன் காய்கிறது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். இத்தனை நீளக் கடற்கரை இருந்தும் ராமநாதபுரம் ஏன் வறண்ட மாவட்டம்? ஆசியக் கண்டம் பற்றிய பாடத்தில் வரும் திபெத், சைபீரியா எல்லாம் நமக்கு என்ன சம்பந்தம்? நான் பாம்பன் பக்கத்துக்காரன். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பது என் எண்ணம்.

கடல் பக்கத்தில் இருந்தால் மழை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் ஈரத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த ஈரம் மழையாக விழ வேண்டுமானால் காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். காற்று எந்தத் திசையில் போகும், எங்கே மேலேறும் என்பதெல்லாம் பெருமளவு கண்டத்தின் கையில் இருக்கிறது.

ஆசியா சின்ன நிலம் இல்லை. உலக நிலப்பரப்பில் சுமார் 30 சதவீதம். நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டுக்குமே நாள் எடுக்கும். கடலை விட்டு உள்ளே போகப் போக இந்த வித்தியாசம் பயங்கரமாகிறது. சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருக்கிறது; அதே ஊரில் 2020 ஜூனில் 38 டிகிரி வெயில். நம் பாம்பனில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வருஷத்துக்கு ஒரு முறை இப்படிக் கொதித்து ஆறுகிற கண்டத்தின் தென்கோடியில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

கோடையில் வடமேற்கு இந்தியாவும் அதை ஒட்டிய நிலமும் சூடேறி அங்கே காற்றழுத்தம் குறைகிறது. திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு உயரத்தில் நிலம் சூடாவதும், இமயம் மதிலாக நின்று வடக்கின் வறண்ட காற்றைக் கலக்கவிடாமல் தடுப்பதும் பருவக்காற்றுக்கு வலுச் சேர்க்கின்றன. இந்தியப் பெருங்கடலில் பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் காற்று வலப்பக்கம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஜூன் முதல் வாரத்தை ஒட்டிக் கேரளத்தில் மழை ஆரம்பம்.

சரி, அந்தக் காற்று நமக்கு வராமலா போகிறது? வருகிறது, பலமாகவே வருகிறது. தண்ணீர்தான் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே பெரும்பகுதி ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகி, இன்னும் காய்ந்துபோகிறது. தேக்கடியிலிருந்து ராமநாதபுரம் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே குடையில்லாமல் வெளியே போக முடியாத மாதத்தில் இங்கே கண்மாய்த் தரை வெடித்துக் கிடக்கும். ஆடியில் தனுஷ்கோடி சாலையில் நடந்தால் தெரியும்: மணல் தார்ச்சாலையின் குறுக்கே பாம்பு போல நெளிந்து ஓடும், கணுக்காலில் ஊசி குத்துவது மாதிரி அடிக்கும். வங்கக் கடலுக்குள் நுழையும் இன்னொரு கிளைக் காற்றும் நம் கரைக்கு இணையாக வடக்கே போய்விடுகிறது. வங்காளத்துக்கும் அஸ்ஸாமுக்கும் அதுதான் மழை.

தென்மேற்குக் காற்று வீசும் இந்தக் காலத்தைக் கச்சான் காலம் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா தெப்பக்குளம் போலக் கிடக்கும். “கச்சான் கிளம்பிருச்சு, படகை வடக்க கொண்டு போயிருவோம்” என்பார் என் சித்தப்பா. ஐப்பசி பிறந்து வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று எடுத்ததும் எல்லாம் தலைகீழ். வடகடல் அடிக்கும், தென்கடல் அடங்கும். நாட்டுப்படகுக்காரர்கள் பலர் கரை மாற்றித் தொழில் பார்ப்பது இதனால்தான். ஆசியா சூடாகிறதா ஆறுகிறதா என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற கரை வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

வாடை எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா மேல் கனத்த குளிர்காற்று படிந்து உயர் அழுத்தம் உண்டாகிறது. அந்தக் கடுங்குளிரை இமயம் நேராக நம் மேல் இறங்க விடுவதில்லை. ஆனால் ஆறிப்போன நிலத்திலிருந்து சூடாக இருக்கும் தெற்குக் கடலை நோக்கிக் காற்று போயாக வேண்டும். வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வருவதால் போகிற வழியில் ஈரம் ஏற்றிக்கொள்கிறது. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான். புரட்டாசியிலேயே காய்ந்த நிலத்தில் நெல்லை விதைத்துவிட்டு ராமநாதபுரத்து விவசாயி வானம் பார்ப்பது இந்தக் காற்றை நம்பித்தான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த உள்ளான்களும் அதே சமயத்தில் நம் கழிமுகங்களுக்கு வந்து இறங்குகின்றன.

ஆனால் இதிலும் நமக்குக் குறைவுதான். கிழக்கே இலங்கை மறித்து நிற்கிறது. தாழ்வு மண்டலங்கள் பெரும்பாலும் நமக்கு வடக்கே கரையேறுகின்றன. அதனால் நாகப்பட்டினத்துக்குக் கிடைப்பது நமக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான்.

அதுவும் சீராக வராது. 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வருஷ மழையில் பாதி! 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் இதே பருவத்தின் பிள்ளைதான். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள். ஆழமில்லாத இடத்தில் புயல் தள்ளும் தண்ணீர் கீழே போக வழியின்றி மேலே எழும்பி ஊருக்குள் ஏறும். அன்று பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது.

அதனால் “மழை குறைவான மாவட்டம்” என்று மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சில நாளில் வந்து கொட்டிவிட்டுப் போகிற மழை இது. அதைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் இத்தனை கண்மாய்களும் ஊருணிகளும் வெட்டினார்கள். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் எவ்வளவு அகலம் என்று கரைமேல் நின்று பாருங்கள். அவை தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும்போது, பெய்த தண்ணீரும் கடலுக்குத்தான் போகிறது. இதற்கு ஆசியாவைக் குறை சொல்ல முடியாது.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு வாருங்கள். இரண்டு கடலும் இடம் மாறி அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கார்த்திகையில் வருவதானால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.