சிஸ்டம் அட்மின் சொந்த மொழி எழுத சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கிறேன். பாஷ் (லினக்ஸ் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) நன்றாக வரும். சொந்தமாக ஒரு ஸ்கிரிப்டிங் மொழி எழுத ஆசை. வேலை உத்தரவாதத்துடன் கம்பைலர் சான்றிதழ் படிப்பு என்று ஒரு பயிற்சி நிலையம் பெரிய தொகை கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேராதீர்கள். 1987-ல் லாரி வால் பெர்ல் மொழியை வெளியிட்டதே, அறிக்கை எடுக்கும் வேலைக்கு ஆக் (awk) என்ற உரை அலசும் கருவி போதாமல் போனதால்தான். உங்களைத் தினமும் படுத்தும் குறை எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்க லெக்சர், சொற்களை மரமாக அடுக்க பார்சர், அந்த மரத்தின்படி வேலையைச் செய்ய இன்டர்பிரட்டர். மூன்றையும் பைத்தானிலேயே எழுதலாம். வேகத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்; அட்மின் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும்தான் காத்துக் கிடக்கின்றன.

சறுக்குவது வெளிக் கட்டளைகளை ஓட்டும் இடத்தில். கட்டளையை ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் தராதீர்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அது இரண்டாக உடையும். அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் வருவது தனிக் கட்டளையாகவே ஓடிவிடும். பெயரையும் ஆர்க்யுமென்ட்டுகளையும் பட்டியலாக வைத்து, ஃபோர்க் செய்து (புதிய ப்ராசஸ் ஒன்றைப் பிரித்து), ஷெல் இல்லாமலே நிரலை ஓட்டும் எக்ஸெக்விபிக்கு (execvp) நேராகக் கொடுங்கள்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பில் இன்னொரு ஆபத்து. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் தோற்றாலும், அடுத்து நின்று அதைச் சுருக்கும் ஜிஜிப் வென்றால், பைப்ஃபெயில் (இடையில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் அமைப்பு) போடாத பாஷ் 'வெற்றி' என்றே சொல்லும். பேக்கப் காலி என்பது மீட்கும் நாளில்தான் தெரியும். ஆகவே உங்கள் மொழி ஒவ்வொரு கட்டளையின் எக்ஸிட் கோடையும் (முடியும்போது அது தரும் எண்; பூஜ்யம் என்றால் வெற்றி) பார்க்கட்டும். பூஜ்யம் இல்லையென்றால் நிற்கட்டும். ஒரு விலக்கு: கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப். தேடியது கிடைக்காவிட்டால் அது 1 தரும். அது பிழையல்ல, பதில். கோப்பைத் திறக்க முடியாதது போன்ற உண்மையான பிழைக்கு 2. இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப்பும் இப்படியே: வேறுபாடு இருந்தால் 1, கோளாறு என்றால் 2. எனவே 'இந்தக் கட்டளைக்கு 0, 1 இரண்டும் சரி' என்று எழுத முதல் நாளிலிருந்தே மொழியில் வழி வையுங்கள். இல்லையேல் பயன்படுத்துகிறவர்கள் சோதனையையே அணைத்துவிடுவார்கள்.

பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தில் 'உத்தரவாதம்' என்றிருப்பது ஒப்பந்தத்தில் 'உதவி' என்று சுருங்கியிருக்கிறதா பாருங்கள். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் தராதீர்கள். சர்வர் அனுபவத்தை டெவலப்பர் அனுபவமாகவே எண்ணாத ஆள்தேர்வு முறைதான் இந்த வியாபாரத்தை வாழவைக்கிறது. எரிச்சலூட்டும் முறை அது. அதை உடைக்க, சிபைத்தான் (பைத்தானின் அதிகாரபூர்வ இன்டர்பிரட்டர்) மூலநிரலை டீபக் பில்டாக (பிழை தேட உதவும் வடிவமாக) கம்பைல் செய்யுங்கள். வெளிக் கட்டளைகளை ஓட்டும் அதன் சப்ப்ராசஸ் மாட்யூலில் இன்னும் தீர்க்கப்படாமல் திறந்திருக்கும் ஒரு பிழையை உங்கள் கணினியில் மீண்டும் வரவழைத்து, டெஸ்ட்டோடு திருத்தம் அனுப்புங்கள். ஏற்கப்பட்ட அந்தத் திருத்தத்தை ரெஸ்யூமேயின் முதல் வரியில் போடுங்கள்.