பழைய பாணி ஹாட் ராடுக்கு எந்த ஸ்டீயரிங் பாக்ஸ் நல்லது: எஃப்-1, வேகா, அல்லது வண்டியோடு வந்ததேவா?

ஹாட் ராட் என்றால் பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டியது. ஸ்டீயரிங் பாக்ஸ் என்பது ஸ்டீயரிங் வீலின் சுற்றைச் சக்கரத்தைத் திருப்பும் தள்ளலாக மாற்றும் பெட்டி. கேட்டவர் கட்டுவது 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்). அடியில் 1932 சேசிஸ் (அடிச்சட்டம்), ஃப்ளாட்ஹெட் வி8 என்ற பழைய ஃபோர்டு எட்டு சிலிண்டர் இன்ஜின், முன்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டான ஐ-பீம் ஆக்சில், குறுக்கே ஒற்றை ஸ்பிரிங். வண்டி 1950 வாக்கில் கட்டியதைப் போல இருக்க வேண்டுமாம். மூன்று பேர் மூன்று பாக்ஸ் சொல்லியிருக்கிறார்கள்: எஃப்-1 என்ற பழைய ஃபோர்டு பிக்கப்பினுடையது, செவ்ரோலெட் வேகா காருடையது, மாடல் ஏ-யோடு வந்தது.

எஃப்-1 போடுங்கள். அது பழசு என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் முன் ஆக்சில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ, அதோடு ஒத்துப்போவது அதுதான். பலர் பாக்ஸை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகிறார்கள். ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் பாக்ஸுக்கு வர வேண்டும்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். தெருவுக்கு ஒருவராவது கராஜில் எதையாவது கழற்றிப் போட்டிருக்கும் ஊர் இது. எதிர்வீட்டுக்காரரின் கூப்புக்கு எஃப்-1 மாட்டும்போது வெல்டிங்குக்குப் பிடித்துக் கொடுத்தது, ஓட்டிப் பார்த்தது எல்லாம் உண்டு. அந்த அளவுக்குத்தான் என் அனுபவம்.

பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு விசை போக இரண்டு வழி உண்டு. 1934 வரை ஃபோர்டில் பிட்மேன் ஆர்ம், அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை, முன்னும் பின்னுமாக ஆடும். அதிலிருந்து டிராக் லிங்க் என்ற ஒரு கம்பி சேசிஸின் இடது ஓரமாகவே முன்னால் போய் இடது சக்கரத்தைத் திருப்பும். 1935-ல் ஃபோர்டு இதை மாற்றியது. அதன் பிறகு டிராக் லிங்க் வண்டிக்குக் குறுக்கே போய் வலது சக்கரத்தைத் தள்ளியது. முதலாவதைப் பக்க ஸ்டீயரிங் என்றும் இரண்டாவதைக் குறுக்கு ஸ்டீயரிங் என்றும் வைத்துக்கொள்வோம். எஃப்-1 பக்க வகை. வேகா குறுக்கு வகை.

உங்களுடைய குறுக்கு ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்புகளில் தொங்குகின்றன. அதனால் ஆக்சில் ஊஞ்சல் பலகை மாதிரி கொஞ்சம் இடவலமாக ஆட முடியும். குறுக்கு ஸ்டீயரிங் போட்டால் டிராக் லிங்க் தள்ளுவதும் அதே திசையில்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், அப்புறம்தான் சக்கரம் திரும்பும். அதைத் தடுக்க பேன்ஹார்ட் பார் என்று ஒரு கம்பி வேண்டும். அதையும் டிராக் லிங்க்கின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகவும் இணையாகவும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும். முன்பக்கம் ஃபெண்டர் இல்லாத வண்டியில் இந்தக் கம்பிகள் எல்லாம் வெளியே தெரியும். 1950 தோற்றம் அங்கேயே போய்விடும். பக்க ஸ்டீயரிங்கில் அந்தத் தள்ளல் நீளவாக்கில் இருப்பதால் ஷேக்கிள் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

வேகா பாக்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. செவ்ரோலெட் வேகா ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் உருவான கார், 1971 மாடலாக வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கார் என்று விருதெல்லாம் வாங்கி, துருப்பிடித்தே பேரைக் கெடுத்துக்கொண்டது. கார் போய்விட்டது, அதன் சின்ன ஸ்டீயரிங் பாக்ஸ் மட்டும் ஹாட் ராட் உலகத்தில் இன்னும் ஓடுகிறது. கைக்கு அடக்கமானது, இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள். லேசான வண்டிக்கும் ஒல்லியான முன் டயருக்கும் போதும். பேன்ஹார்ட் பார் தெரிந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு வேகாதான் தலைவலி குறைந்த வழி. உங்களுக்கு அது தெரியக் கூடாது, அதனால்தான் இந்தப் பேச்சு.

மாடல் ஏ-யோடு வந்த பாக்ஸை விட்டுவிடலாம். 40 குதிரைத்திறன் இன்ஜினுக்குச் செய்தது அது. ஃப்ளாட்ஹெட்டின் எடையும் வேகமும் வேறு. 1932 பாக்ஸ் தோற்றத்துக்கு அருமை, ஆனால் உள்ளே வார்ம் என்ற திருகும், செக்டர் என்ற பல் வெட்டிய துண்டும் ஒன்றின்மேல் ஒன்று உராயும் வகை. நிறுத்துமிடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும். எஃப்-1 என்பது 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு அரை டன் பிக்கப். அதன் பாக்ஸில் செக்டர் பல்லுக்குப் பதில் உருளும் ரோலர். உராய்வு குறைவு, திருப்ப லேசு. 1953 முதல் 1956 வரை வந்த எஃப்-100 பாக்ஸும் இதே போல முன்னும் பின்னும் ஆடுவதுதான், உருவம் கொஞ்சம் பெரியது. நல்லதாகக் கிடைத்தால் அதையும் வாங்கலாம், ஆனால் இன்ஜினின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதற்கும் நடுவே விரல் போகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். செவ்ரோலெட் கார்வேர் காரின் பாக்ஸ் யாராவது கொடுத்தால் கவனம்: பின்பக்க இன்ஜின் காருக்கு அமைத்ததை அப்படியே பக்க ஸ்டீயரிங்காக மாட்டினால், வலது பக்கம் திருப்ப வண்டி இடது பக்கம் போகும் நிலைமை வரும். அதற்கென்றே திசை மாற்றிய கார்வேர் பாக்ஸ்கள் தனியாக விற்கின்றன.

இனி வாங்கும் இடம். பழைய சாமான் சந்தையில் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்த பாக்ஸ்கள் வரிசையாக இருக்கும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஷாஃப்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. பிட்மேன் ஆர்ம் மாட்டும் பிட்மேன் ஷாஃப்டை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறு கையால் ஸ்டீயரிங் ஷாஃப்டை லேசாக அசைத்துப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் ப்ளே (தளர்ந்த ஆட்டம்) இருந்தால் பயமில்லை, சரி செய்யும் திருகு உண்டு. அந்தத் திருகை ப்ளே போகும் வரை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு மறுபடி இரு கோடிக்கும் திருப்புங்கள். கோடிகளில் இறுகிப் பிடித்தால் வார்ம் நடுவில் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் தேய்மானமும் அங்கேதான் விழும். விற்பவர் அனுமதித்தால் கீழ் மூடியின் போல்ட்டைத் தளர்த்துங்கள். நான் பார்த்த ஒன்றில் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது. உள்ளே வார்மின் நடுப்பகுதியில் மட்டும் கருப்புப் பொட்டுப் பொட்டாகக் குழிகள். வெளியே பளபளவென்று பெயின்ட். எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் மூடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

மாட்டும்போது முக்கியமானது டிராக் லிங்க்கின் கோணம். உங்கள் ஆக்சிலைப் பிடிக்கும் விஷ்போன் என்ற நீளக் கம்பி பின்னால் எந்தப் புள்ளியில் சேசிஸோடு சேர்கிறதோ, அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் ஆக்சில் ஏறி இறங்கும். டிராக் லிங்க்கும் தன் பின்முனையைச் சுற்றி வளைந்து ஆடும். இரண்டு வளைவும் ஒத்துப்போகாவிட்டால், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் பள்ளம் வரும்போது சக்கரம் திரும்பும். பிட்மேன் ஆர்மின் பந்து முனையை விஷ்போன் சேருமிடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் கொண்டு வாருங்கள். முடியாத இடத்தில், டிராக் லிங்க்கின் கோட்டை நீட்டினால் அந்தப் புள்ளியை நோக்கிப் போகும்படியாவது வையுங்கள். இதை வண்டியின் முழு எடையும் இறங்கிய நிலையில் பார்க்க வேண்டும். இன்ஜின் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கும் சேசிஸில் அளந்தால் எல்லாம் பொய்.

பாக்ஸ் பிடிக்கும் இடத்தில் சேசிஸ் திறந்த சி-வடிவமாக இருந்தால், உள்பக்கம் தகடு வைத்து மூடி வெல்டிங் செய்யுங்கள், பாக்ஸுக்குக் கீழே கால் அங்குலத் தகடு தனியாக வேண்டும். சேசிஸ் நெளிந்தால் பாக்ஸில் ப்ளே இருப்பது போலவே தெரியும், நீங்கள் பாக்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வார்ம் நடுவில் இருக்கும்போது சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். டிராக் லிங்க்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரி செய்யுங்கள். ஸ்டீயரிங் வீலை மட்டும் கழற்றி நேராக்கி மாட்டுவது கண்ணுக்குத்தான். அதே போல, பாக்ஸ் உள்ளே முட்டுவதற்கு முன்னால் ஆக்சிலில் உள்ள ஸ்டாப்பில் சக்கரம் முட்ட வேண்டும்.

எஃப்-1-க்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். வார்மும் ஸ்டீயரிங் ஷாஃப்டும் ஒரே நீளக் கம்பி. முன்னால் மோதினால் அது நேராக ஓட்டுபவரின் நெஞ்சுக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு கொடுத்ததே 1967 மாடல்களில்தான். ஷாஃப்டை வெட்டி நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் (வளையும் இணைப்பு) போட்டுச் சின்னக் கோணம் கொடுப்பது நல்லது. வெட்டும் வேலையைக் கைதேர்ந்த மெஷினிஸ்டிடம் விடுங்கள். காருக்குள்ளே தரை விரிப்புக்குக் கீழே ஒளிந்திருப்பதால் தோற்றம் கெடாது. பழைய பாணி என்றால் ஷாஃப்டும் பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாம் மாட்டிய பிறகும் வண்டி ரோட்டில் அலைந்தால் உடனே பாக்ஸைத் திட்ட வேண்டாம். முதலில் கிங்பின்னில், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சில், ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் காஸ்டர், அதாவது அந்தக் கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். இந்த வகை ஆக்சிலுக்கு 5 முதல் 7 டிகிரி வரை இருக்கலாம். வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தும்போது பலருக்கு அது 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்னால் உள்நோக்கி இருக்கும் அளவு, 1/8 அங்குலத்துக்குள்.

கடைசியாக எண்ணெய். பழைய பாக்ஸ்களில் பிட்மேன் ஷாஃப்ட் வழியாகக் கசிவது சகஜம். அதற்குப் பயந்து சாதாரண சேசிஸ் கிரீஸை அடைக்காதீர்கள். வார்ம் சுற்றும் இடத்தில் கிரீஸ் ஒதுங்கி ஓரத்தில் நின்றுவிடும், வார்ம் காய்ந்து ஓடும். மக்காச்சோள அறுவடை இயந்திரத்துக்கென்று ஜான் டீர் கடைகளில் ஒரு கிரீஸ் கிடைக்கும். நின்றால் கெட்டி, அசைந்தால் இளகும். இங்கே பழைய கார்க்காரர்கள் பலர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். ஒன்றிரண்டு டியூபில் வேலை முடிந்துவிடும்.