டிப்ளர் என்பவர் யார்?

கேள்வி: டாஸ்மாக் கடைகளைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் 'டிப்ளர்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதியில் 'வழக்கமாக மது அருந்துபவர்' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 'ட்ரங்கர்ட்', 'ஆல்கஹாலிக்' ஆகிய சொற்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்களையும் இச்சொல்லால் குறிப்பிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அகராதி சொல்லும் பொருள் சரிதான், ஆனால் அந்தச் சொல்லின் எடை அதில் தெரிவதில்லை. ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்காமல், சிறிது சிறிதாக, ஆனால் நாள் தவறாமல் குடிப்பவரே டிப்ளர். அவர் போதை தலைக்கேறித் தெருவில் விழுந்து கிடப்பவராக இருக்க வேண்டியதில்லை. இன்றைய இங்கிலாந்தில் இது சற்றே பழைய வாடை வீசும் சொல். பெரும்பாலும் கடுமையின்றி, செல்லமாகவே சொல்லப்படுகிறது.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் தோன்றியபோது, அது குடிப்பவரைக் குறிக்கவே இல்லை. 'ஏல்' எனப்படும் பார்லி மதுவைச் சில்லறையாக விற்பவருக்கே டிப்ளர் என்று பெயர். அச்சொல்லின் ஈற்றை நீக்கி 'டிப்பிள்' என்ற வினைச்சொல்லை உண்டாக்கினார்கள். அது முதலில் விற்பதையும், 16-ஆம் நூற்றாண்டில் குடிப்பதையும் குறித்தது. வினையின் பொருள் மாறவே, டிப்ளரும் விற்பவர் என்ற நிலையிலிருந்து குடிப்பவராகிவிட்டார்.

'ட்ரங்கர்ட்' என்பதிலிருந்து இது வேறுபட்டது என்பதற்கு இங்கிலாந்தின் பழைய சட்டமே சான்று. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சியில் 1606-ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், குடித்து நிலை தவறியவருக்கு 5 ஷில்லிங் அபராதம் விதித்தது; பணம் கட்ட வழியில்லாதவரை 6 மணி நேரம் தொழுமரத்தில், அதாவது கால்களை மாட்டிப் பூட்டும் மரச்சட்டத்தில், பூட்டி வைக்கலாம். அதே சட்டம், போதை ஏறாவிட்டாலும் தம் சொந்த ஊர் மதுக்கடையிலேயே உட்கார்ந்து 'டிப்ளிங்' செய்துகொண்டிருப்பவருக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதமும், அதைக் கட்ட இயலாவிட்டால் 4 மணி நேரத் தொழுமரமும் விதித்தது. இரண்டும் குற்றம்தான் என்றாலும், ஒன்று மற்றொன்றைவிடச் சிறியது என்று சட்டம் எழுதியவர்கள் அளந்தே வைத்திருக்கிறார்கள். அந்த அளவு வேறுபாடு இன்றும் இவ்விரு சொற்களிடையே நிற்கிறது: ட்ரங்கர்ட் என்பதில் கண்டனம் உண்டு, டிப்ளர் என்பதில் அது மிகக் குறைவு.

'ஆல்கஹாலிக்' என்பது மருத்துவத்தைச் சார்ந்த சொல். மேக்னஸ் ஹஸ் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 1849-இல் 'ஆல்கஹாலிசம்' என்ற பெயரைக் கொடுத்து, நெடுநாள் குடியால் உடலும் மனமும் கெடுவதை ஒரு நோயாக விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலில் இதற்கு 'மது அருந்துதல் சார்ந்த கோளாறு' என்ற பொருள்படும் பெயர் இடம்பெற்றது.

நம் ஊர் ஆங்கில நாளேடுகளோ குடிக்கும் எவரையும் டிப்ளர் என்றே எழுதிவிடுகின்றன. தலைப்பில் இடம் குறைவாகப் பிடிக்கும் சொல் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நீலகிரியில் 2022-இல் தொடங்கிய, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டத்தைப் பற்றிய செய்தியில் இச்சொல் வருவது முற்றிலும் பொருத்தமே. ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களை டிப்ளர்கள் என்று எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்களில் பலர் அன்றாடக் கூலி உழைப்பாளிகள், நஞ்சுக்குப் பலியானவர்கள். செல்லமான ஒரு சொல்லை அங்கே இட்டால் அந்தச் சாவின் கொடுமை மறைந்துபோகிறது. 'இறந்தவர்கள்', 'பாதிக்கப்பட்டோர்' என்று நேராக எழுதுவதே முறை. தமிழ் நாளேடுகள் வழங்கும் 'மதுப்பிரியர்' என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். டிப்ளருக்கு மிக நெருங்கிய சொல் அதுவே. மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெறுபவரையும் இவ்விரு சொற்களாலும் குறிக்கலாகாது.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். மண் ஏற்றிக் கொட்டும் லாரி 'டிப்பர்'. அனல்மின் நிலையத்தில் ரயில் பெட்டியையே கவிழ்த்து நிலக்கரியைக் கொட்டும் இயந்திரத்துக்கு 'வேகன் டிப்ளர்' என்று பெயர். கவிழ்த்தலைக் குறிக்கும் இவற்றுக்கும் மது அருந்துதலுக்கும் தொடர்பில்லை. 'டிப்பிள்' என்பதைப் பெயர்ச்சொல்லாக வழங்கினால், ஒருவர் விரும்பி அருந்தும் மது வகை என்று பொருள். டிப்ளர் என்பது ஆண், பெண் இருவருக்கும் பொது.