ஆறு இடத்தில் லோன் கேட்டால் சிபில் என்ன ஆகும்?

கேள்வி: வீட்டுக் கடனுக்கு எங்கே வட்டி குறைவு என்று பார்க்க, ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில் பான் எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்தேன். மறுநாளே ஐந்தாறு இடங்களிலிருந்து போன். கேட்டவர்களுக்கெல்லாம் ஓடிபி சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 781 ஆக இருந்த சிபில் ஸ்கோர் (கடன் விஷயத்தில் நம்மை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் மதிப்பெண்) 752 ஆகிவிட்டது. ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கவில்லையே, ஏன் இறங்கியது? எப்போது ஏறும்? நான்கு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கியாக வேண்டும்.
— திருப்பூர் வாசகர்

பதில்: நீங்கள் கடன் வாங்கவில்லை. ஆனால் ஆறு இடத்தில் கடன் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஓடிபிதான் உங்கள் சம்மதம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கும். அப்படிப் பார்ப்பதை ஹார்டு என்கொயரி என்பார்கள். யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு என்று நான்கு விவரமும் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் வரிசையாக நிற்கும்.

கடன் கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் இறங்கிய காரணம் புரியும். ஒருவர் பத்து நாளில் ஆறு பேரிடம் கேட்டிருக்கிறார். எல்லாரும் மறுத்ததால் ஏழாவதாக நம்மிடம் வந்திருக்கிறாரா? அல்லது ஆறு பேருமே கொடுத்துவிட்டு, அது இன்னும் ரிப்போர்ட்டில் ஏறவில்லையா? இரண்டாவது சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் கடன் விவரத்தைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அன்றன்றே அனுப்புவதில்லை. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள், 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ஆனது. நடுவில் உள்ள அந்த இருட்டு நாட்களில் என்கொயரி ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும் தடயம்.

அதற்காக 29 புள்ளியையும் என்கொயரி மேலேயே போட்டுவிடாதீர்கள். அதே இரண்டு வாரத்தில் கிரெடிட் கார்டில் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவு செய்தீர்களா என்று பாருங்கள். லிமிட்டில் பாதிக்கு மேல் நிலுவை காட்டினால் அதுவே ஸ்கோரை நன்றாக இறக்கும். பில்லை முழுதாகக் கட்டிவிடுகிறேன் என்பீர்கள். கட்டுவது பில் வந்த பிறகுதானே! அனுப்பப்படும் கணக்கில், கணக்கெடுக்கும் நாளின் நிலுவைதான் இருக்கும்.

எப்போது ஏறும்? என்கொயரியின் பாதிப்பு முதல் சில வாரங்களில்தான் அதிகம். புதிதாக எங்கும் கேட்காமல், இருக்கும் தவணைகளைத் தேதி தவறாமல் கட்டினால், மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் மீண்டுவிடும். ஒரு வருடம் தாண்டினால் பட்டியலில் அந்த வரி இருந்தாலும் எடை மிகக் குறைவு. தவணை தவறிய கறை வருடக்கணக்கில் துரத்தும், என்கொயரி அப்படி அல்ல. நான்கு மாதம் உங்களிடம் இருக்கிறது. இன்று முதல் கார்டு, மொபைல் தவணை, பர்சனல் லோன் எதற்கும் கை நீட்டாதீர்கள். கார்டு நிலுவையை லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். பிறகு ஒன்று அல்லது இரண்டு வங்கிக்கு நேரில் போய், வட்டியை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, பிடித்த இடத்தில் மட்டும் விண்ணப்பம் போடுங்கள். வட்டி கேட்கப் பான் எண் தேவையில்லை.

752 மோசமான ஸ்கோர் இல்லை, அதற்காக மட்டும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பல வங்கிகள் ஸ்கோரைப் படிப்படியாகப் பிரித்து வட்டி வைக்கின்றன. 50 லட்சம், 20 வருடம் என்று கணக்குப் போட்டால் 8.5 சதவீதத்துக்கு இஎம்ஐ 43,391 ரூபாய், 8.75 சதவீதத்துக்கு 44,186 ரூபாய். கால் சதவீதம்தான் வித்தியாசம். இருபது வருடத்தில் அது கிட்டத்தட்ட 1.9 லட்சம். நான்கு மாதம் பொறுமையாக இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

எனக்கும் இது நடந்தது. ஒரு வணிக வளாகத்தில் "கையெழுத்து மட்டும் போடுங்க சார், கார்டு ஃப்ரீ" என்று சொன்ன இளைஞனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனபோது, என் பெயரில் இரண்டு கார்டு என்கொயரி எதற்கு என்று மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். கடன் கிடைத்தது, ஆனால் பத்து நாள் இழுத்தது. முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத் தேதிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: 45 நாளுக்குள் எத்தனை வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் ஒரே என்கொயரியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று படித்தேன். உண்மையா?
— சென்னை வாசகர்

பதில்: அமெரிக்காவில் உண்மை. அங்கே ஃபிகோ என்ற ஸ்கோரில் வீட்டுக் கடன், கார் கடன், கல்விக் கடன் மூன்றுக்கும் அப்படி ஒரு சலுகை உண்டு. பழைய வகை ஸ்கோரில் 14 நாள், புதியதில் 45 நாள். கிரெடிட் கார்டுக்கு அங்கேயும் கிடையாது. இந்தியாவில் அப்படி உறுதியளிக்கப்பட்ட சலுகைக் காலம் எதுவும் இல்லை. அமெரிக்கக் கட்டுரையை அப்படியே தமிழாக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதை நம்பி நம் ஆட்கள் எட்டு வங்கியில் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

கேள்வி: என்னிடம் இரண்டு கார்டு இருக்கிறது. ஒன்று எட்டு வருடப் பழசு, இன்னொன்று ஆறு வருடம். இரண்டுக்கும் சேர்த்து லிமிட் ஒரு லட்சம். மாதம் 60,000 வரை செலவாகிறது, முழுதாகக் கட்டிவிடுவேன். மூன்றாவது கார்டு வாங்கினால் ஸ்கோர் இறங்குமா, ஏறுமா?
— கோவை வாசகர்

பதில்: முதலில் இறங்கும், பிறகு ஏறவும் வாய்ப்பு இருக்கிறது. இறங்க இரண்டு காரணம். ஒன்று என்கொயரி. இன்னொன்று கணக்குகளின் சராசரி வயது. இப்போது ஏழு வருடம். புதுக் கார்டு வந்த அன்று 14 வருடத்தை மூன்றால் வகுக்க வேண்டும், நாலு வருடம் எட்டு மாதம் ஆகிவிடும். ஏறவும் காரணம் உண்டு. இப்போது லிமிட்டில் 60 சதவீதம் பயன்படுத்துகிறீர்கள், அது அதிகம். புதுக் கார்டிலும் ஒரு லட்சம் லிமிட் கிடைத்து, செலவு அதே 60,000 ஆக இருந்தால் 30 சதவீதமாகிவிடும். சில மாதத்தில் இந்த நல்ல பக்கம் மேலோங்கலாம்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதுக் கார்டு கேட்பதற்கு முன்னால் பழைய கார்டில் லிமிட்டை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்பேன். வயது குறையாது. சில வங்கிகள் அதற்கும் ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்துவதில்லை என்று எட்டு வருடக் கார்டை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: கடையில் வட்டியில்லாத் தவணையில் மொபைல் வாங்கினேன். அதுவும் சிபிலில் வருமா? அது லோன் இல்லையே!
— மதுரை வாசகர்

பதில்: லோன்தான். கடைக்காரர் "இஎம்ஐ போட்டுக்கலாம்" என்று சொல்லும்போது பின்னால் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கணக்கு திறக்கிறது. மொபைல், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று மூன்று முறை வாங்கினால் பெரும்பாலும் மூன்று கணக்கு. சரியாகக் கட்டினால் நல்ல பதிவுதான். வங்கிக் கணக்கில் பணமில்லாமல் 1,500 ரூபாய்த் தவணை திரும்பிவிட்டாலும், தவணை தவறியவர் என்றே பதிவாகும். கடைசித் தவணை முடிந்ததும் பாக்கியில்லாச் சான்று வாங்கி, ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் என்கொயரி என் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் இறங்கும் என்று பயந்து இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்துவிட்டேன்.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் இறங்காது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

கேட்காத என்கொயரியைச் சும்மா விடாதீர்கள். உங்கள் பான் எண்ணை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம், அடுத்து கடனாகவே வரலாம். எந்த ரிப்போர்ட்டில் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் தளத்தில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். கடன் நிறுவனத்துக்கும் தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏனென்றால் அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் நடக்கும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2024 ஏப்ரல் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. புகார் எண்ணையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

உங்கள் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அந்த நான்கு நிறுவனங்களிடம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் செய்தி அனுப்ப வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. பழைய எண் இருந்தால் அந்தச் செய்தி வேறு யாருக்கோ போகும்.